விலா வலி என்று தொடங்கிய மண்ணீரல் காயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் 25. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய மூன்றாவது ஒருநாள் போட்டி. ஹர்ஷித் ராணாவின் பந்தை அலெக்ஸ் கேரி தூக்கி அடித்தார். ஷ்ரேயாஸ் ஐயர் பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாக ஓடி, பாய்ந்து பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் உடம்பின் இடது பக்கம் தரையில் மோதியது. இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வலியில் துடித்தார். பிசியோ ஓடி வந்தார். அவர் துணையோடு ஐயர் மைதானத்தை விட்டு வெளியே போனார்.

டிவியில் பார்த்த பலருக்கும் அது விலா எலும்பு அடி என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனைக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வயிற்றில் அடிபட்டவர்களைப் பார்ப்பதே என் வேலை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 27-ஆம் தேதி, இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் அறிக்கை வந்தது: இடது கீழ் விலாப் பகுதியில் அடி, ஸ்கேனில் மண்ணீரலில் கிழிசல் தெரிந்தது. உள்ளே ரத்தக்கசிவு இருந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். 28-ஆம் தேதி மறுபடி எடுத்த ஸ்கேனில் நல்ல முன்னேற்றம். ஒரு சிறு செயல்முறையால் ரத்தக்கசிவு உடனே நிறுத்தப்பட்டது என்று வாரியம் பின்னர் சொன்னது. வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை இல்லை. நவம்பர் 1-ஆம் தேதி, அடிபட்ட எட்டாம் நாள், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். ஆனால் உடனே விமானம் ஏறவில்லை. தொடர் பரிசோதனைக்காகச் சிட்னியிலேயே தங்கினார்.

மண்ணீரல் காயத்தைப் பற்றிப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இந்த எட்டு நாளில் இருக்கின்றன. விலா வலியாக ஆரம்பித்தது, உள்ளே கசிந்தது, ஸ்கேனில் பிடிபட்டது, கத்தி வைக்காமல் நின்றது, நின்ற பிறகும் விடாமல் கண்காணித்தது. கையில் 'ஸ்ப்லீனிக் கன்டியூஷன்' (மண்ணீரல் கன்றிப்போதல்) என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நம்புவதா, வேறு இடத்துக்குக் கூட்டிப் போவதா என்று குழம்பி நிற்கும் குடும்பங்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்த உறுப்பு

உங்கள் இடது பக்கக் கடைசி விலாக்களின் மேல், கொஞ்சம் முதுகுப் பக்கமாகக் கையை வையுங்கள். 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு அடியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ஒட்டி மண்ணீரல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். எடை சுமார் 150 கிராம். கறிக்கடையில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்கி, ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுப்பார்களே, அதுதான் ஆட்டின் மண்ணீரல். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கருஞ்சிவப்பு, வழவழப்பு, மேலே மெல்லிய ஒரு தோல். கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தினால் போதும், தோல் பிய்ந்து உள்ளிருப்பது கூழாக வெளியே வரும். மனிதனுடையதும் அப்படித்தான்.

அவ்வளவு மென்மையான உறுப்புக்குள் பாயும் ரத்தம் அதன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத அளவு. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் மண்ணீரலுக்குப் போகிறது. அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல. வயதான சிவப்பணுக்களை வடிகட்டி எடுப்பதும், ரத்தத்தில் புகும் சிலவகைக் கிருமிகளைப் பிடித்து அழிப்பதும் அதன் வேலை. வடிகட்டிக்கு ரத்தம் வந்துகொண்டேதானே இருக்க வேண்டும்? அதனால்தான் வயிற்றில் ஊமையடி பட்டவர்களிடம் அதிகம் காயப்படும் உறுப்புகளில், கல்லீரலோடு சேர்த்து, இதுவும் முன்னணியில் நிற்கிறது.

மண்ணீரல் வீங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மலேரியா திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அது பெருத்து, விலாவின் காப்பை விட்டு வெளியே இறங்கிவிடும். லேசான அடியே போதும். ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. வெள்ளைக்காரத் துரை அடித்து வேலைக்காரர் இறந்தால், 'ஏற்கெனவே மண்ணீரல் வீங்கியிருந்தது, அதனால்தான் இறந்தான்' என்று தப்பிக்கும் வழக்குகள் வந்துகொண்டே இருந்தன. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வழக்கறிஞர் தன் குதிரைக்காரரை அடித்தார். குதிரைக்காரர் மண்ணீரல் கிழிந்து இறந்தார். விதித்த தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876-இல் வைஸ்ராய் லிட்டனே அந்தத் தீர்ப்பைக் கண்டித்துக் குறிப்பு எழுத வேண்டி வந்தது. இன்றும் மலேரியா, கிளாண்டுலர் காய்ச்சல் (கழுத்தில் நெறி கட்டும் ஒரு வைரஸ் காய்ச்சல்), நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்கள் விழுந்தேன் என்று வந்தால் நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுவது இதனால்தான்.

விலா வலி ஏன் ஏமாற்றுகிறது

அடிபட்ட உடனே வலிப்பது விலா. மண்ணீரலுக்கென்று கத்தியால் குத்துவது போன்ற தனி வலி கிடையாது. மண்ணீரலின் மெல்லிய தோலான உறைக்குள்ளேயே ரத்தம் கட்டினால் இடது மேல்வயிற்றில் ஒரு மந்தமான கனம் மட்டும் இருக்கும். ரத்தம் உறையைத் தாண்டி வயிற்றுக்குள் கசிந்து உதரவிதானத்தைத் தொட்டால், வலி இடது தோள்பட்டை நுனியில் தெரியும். தோளில் அடியே பட்டிருக்காது, அசைத்தாலும் வலிக்காது, ஆனால் படுத்தால் வலிக்கும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டையின் தோல் நரம்பும் கழுத்தில் ஒரே தண்டுவட வேர்களிலிருந்து வருவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேர் பெயரால் இதைக் கேர் அறிகுறி என்கிறோம். 'வயித்துலதான் இடிச்சேன் சார், ஆனா தோள்தான் வலிக்குது' என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சட்டென்று எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

இன்னொரு ஏமாற்று, ரத்த அழுத்தம். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒருவர் முக்கால் லிட்டர் வரை இழந்தாலும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போனால் நாடித்துடிப்பு ஏறும், கை கால் ஜில்லிடும், ஒரு படபடப்பு வரும், பி.பி. மட்டும் ஒழுங்காகவே இருக்கும். ஒன்றரை லிட்டரைத் தாண்டும்போதுதான் பி.பி. விழ ஆரம்பிக்கும். இளம் வயதினர், அதிலும் விளையாட்டு வீரர்கள், ரத்தக் குழாய்களை இறுக்கி ரொம்ப நேரம் சமாளிப்பார்கள். ஆகவே 'பி.பி. நார்மல்' என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. 70 இருந்த நாடி 110 ஆனதா, அதைத்தான் கேட்பேன்.

அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) வீரர் கிறிஸ் சிம்ஸின் கதை இதற்குச் சரியான சாட்சி. 2006 செப்டம்பர் 24, தம்பா பே அணிக்காகக் கரோலினாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்துப் பலத்த மோதல்கள். வலியோடு வெளியே வந்தவர், திரும்ப மைதானத்துக்குள் போய் ஆடவும் செய்தார். ஆட்டம் முடிந்த பிறகுதான் நிலைமை முற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அன்றே மண்ணீரலை அகற்றினார்கள். உள்ளே அவ்வளவு ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் இளைஞனால் ஓடவும் எறியவும் முடிந்திருக்கிறது. நல்ல உடல்வாகு ரத்தக்கசிவை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

கண்டுபிடிப்பது

அவசரப் பிரிவில் முதலில் செய்வது படுக்கையிலேயே ஒரு அல்ட்ராசவுண்ட். ஜில்லென்ற ஜெல்லைத் தடவி, கருவியை இடது விலாக்களுக்கு இடையில் வைத்து, மண்ணீரலும் சிறுநீரகமும் சந்திக்கும் இடத்தைப் பார்ப்போம். இரண்டும் ஒட்டி இருந்தால் சரி. இடையே நூல் போல ஒரு கருப்புக் கோடு தெரிந்தால் அது திரவம். அடிபட்ட ஆளிடம் திரவம் என்றால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் 'ஸ்கேன் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை' என்று இதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. வயிற்றில் குறைந்தது 200 மில்லி அளவுக்காவது ரத்தம் சேர்ந்தால்தான் இது நம்பகமாகக் காட்டும். உறைக்குள்ளேயே அடங்கிய ரத்தக்கட்டு இதில் தப்பிவிடலாம்.

சந்தேகம் இருந்து, ஆள் நிலையாக இருந்தால், அடுத்தது நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். ஐயர் விஷயத்தில் கிழிசலைக் காட்டியதும் ஸ்கேன்தான். அதில் காயத்தின் அளவு தெரியும். அதைவிட முக்கியமாக, மருந்து கலந்த ரத்தம் வெள்ளைப் புகை மாதிரிக் குழாயை விட்டு வெளியே கசிகிறதா என்பதும் தெரியும்.

ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்கக் காய அறுவை மருத்துவர் சங்கம் 1989-இல் வகுத்து, 2018-இல் திருத்திய அளவுகோல் அது. உறைக்கடியில் மேற்பரப்பின் 10 சதவீதத்துக்குள் ரத்தக்கட்டு, அல்லது 1 செ.மீ.க்குக் குறைவான ஆழத்தில் கிழிசல் என்றால் கிரேடு 1. ரத்தக்கட்டு 10 முதல் 50 சதவீதம், கிழிசல் 3 செ.மீ. வரை என்றால் 2. அதைத் தாண்டினால் 3. ரத்தக்குழாய் அறுபட்டு மண்ணீரலின் கால் பங்குக்கு மேல் ரத்த ஓட்டம் நின்றிருந்தாலும், உறைக்குள்ளேயே குழாய் கசிந்துகொண்டிருந்தாலும் 4. சிதறிப்போனாலும், உறைக்கு வெளியே வயிற்றுக்குள் ரத்தம் பாய்ந்தாலும் 5. பொதுவாக 'மண்ணீரல் கன்றிப் போயிருக்கு' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் 1, 2. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு, அலட்சியப்படுத்துபவர்களும் உண்டு. கிரேடு 4 இருந்தும் நாடி, பி.பி. ஆடாமல் இருந்தால் கத்தியில்லாமல் குணமாகலாம். கிரேடு 2 இருந்தும் நாடி ஏறிக்கொண்டே போனால் ஆபத்துதான். படத்தைப் பார்ப்பது ஒரு முறை. ஆளைப் பார்ப்பது மணிக்கு மணி.

எடுப்பதா, விட்டுவைப்பதா

என் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. மண்ணீரல் கிழிந்தால் வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டும். அது இல்லாமலே வாழலாம் என்று நினைத்தார்கள். 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், பச்சிளம் பருவத்தில் மண்ணீரல் அகற்றப்பட்ட 5 குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். அங்கேதான் 'தேவையில்லாத உறுப்பு' என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

இன்னொரு பக்கம், கனடாவின் டொரொண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், அடிபட்ட பிள்ளைகளுக்கு அறுவை செய்யாமல் காத்திருந்து பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்த அனுபவத்தை 1968-இல் உபாத்யாயாவும் சிம்ப்சனும் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மண்ணீரல் தானாகவே ரத்தக்கசிவை நிறுத்திக்கொள்கிறது, ஆறியும் விடுகிறது என்பது அதன் சாரம். இந்த உபாத்யாயா நம் நாட்டவர். தில்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் பணியாற்றியவர். இன்று உலகம் முழுக்க ஏராளமான பிள்ளைகள் மண்ணீரலோடு வளர்கிறார்கள் என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது. நம் ஊரில் அவர் பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பிள்ளைகளிடம் பார்த்ததை மெல்ல மெல்லப் பெரியவர்களுக்கும் கொண்டுவந்தார்கள். இப்போது நிலையாக உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அறுவை இல்லாமல் தேறுகிறார்கள். பெரியவர்களிலும் பெரும்பாலோர் அப்படியே. மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும்: நாடியும் பி.பி.யும் நிலையாக இருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் திரவம் கொடுத்ததும் நிலைக்கு வர வேண்டும். வயிறு பலகை மாதிரி இறுகி, குடல் கிழிந்ததற்கான அறிகுறி இருக்கக் கூடாது. எந்த நேரமும் கண்காணிக்கவும், நடுராத்திரியானாலும் அறுவை செய்யவும் ஆளும் ரத்தமும் உள்ள இடமாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ஆபரேஷன் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் 'வீட்டில் ஓய்வெடுத்தால் போதும்' என்பதும் ஒன்றல்ல.

பி.பி. விழுந்துகொண்டே போகிறது, ரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை என்றால் விவாதமே வேண்டாம். வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும். சிம்ஸுக்குச் செய்தது அதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே மண்ணீரல் தமனி வரை கொண்டுபோய், உள்ளே சிறு உலோகச் சுருள்களை வைத்து அடைப்பது. எம்போலைசேஷன் என்பார்கள். கேட்பவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: ரத்தத்தை அடைத்துவிட்டால் மண்ணீரல் செத்துவிடாதா? முக்கியக் குழாயைத் தொடக்கத்திலேயே அடைத்தாலும், இரைப்பை, கணையம் வழியாக வரும் சின்னக் குழாய்கள் அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாசலில் குழாய்த் தண்ணீரின் வேகத்தைக் குறைத்துவிட்டு ஓட்டையைத் தானாக அடைபட விடுவது மாதிரி. அழுத்தம் குறைகிறது, கிழிசல் உறைந்துகொள்கிறது, உறுப்பு பிழைக்கிறது. ஸ்கேனில் வெள்ளைக் கசிவு தெரிந்து, ஆனால் ஆள் நிலையாக இருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

காத்திருக்கும் நாட்கள்

குடும்பத்தினர் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில். 'ஊசி போடல, ஆபரேஷன் பண்ணல, சும்மா படுக்க வச்சிருக்காங்க' என்ற பேச்சு வரும். உண்மையில் அங்கே நடப்பது சும்மா இருப்பது இல்லை. முதல் நாள் மணிக்கொரு முறை நாடி, பி.பி., சிறுநீரின் அளவு. ஆறு மணிக்கொரு முறை ஹீமோகுளோபின். ஒரே டாக்டர் திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டால் என்று முதலில் சாப்பாடு தர மாட்டார்கள். ரத்த வகை பார்த்து ரத்தம் தயாராக வைத்திருப்பார்கள். கசிவு மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள்தான். அதனால்தான் அந்த மூன்று நாளை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோம். நிலையாகிவிட்டால் எழுந்து நடக்க விடலாம். நாள்கணக்கில் அசையாமல் படுத்தே கிடக்க வேண்டியதில்லை.

வலிக்குப் பாராசிட்டமால். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால் தவிர்ப்போம். மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலி மாத்திரை' என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் இந்த வகைதான். அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று நாள் ஓடிவிட்டது, எல்லாம் சரி என்று நினைக்கும் நேரத்தில் ஒன்று ஒளிந்திருக்கலாம். காயப்பட்ட குழாயின் சுவர் மெலிந்து, உள்ளேயே ஒரு குமிழ் உருவாகும். சூடோஅனியூரிசம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அது ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வெடிக்கலாம். பெரிய கிரேடு காயங்களுக்கு இரண்டு மூன்று நாளில் மறுபடி ஸ்கேன் எடுப்பது இதைப் பிடிக்கத்தான். 'ஒரு தடவை எடுத்தாச்சே, மறுபடி எதுக்குக் காசு' என்று இதைத் தவிர்க்க வேண்டாம். தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மண்ணீரல் காயத்தில் அந்த முதல் 48 மணி நேரம் ரொம்ப முக்கியமானது. செலவுக்குப் பயந்து வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்வதற்கு முன்பு அதைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

வலி ஒரு வாரத்தில் போய்விடும். மண்ணீரல் ஆற அதைவிட அதிக நாள் வேண்டும். இந்த இடைவெளிதான் ஆபத்து. உடம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே புண் பச்சையாக இருக்கிறது. சின்னக் காயங்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம், பெரிய காயங்களுக்கு மூன்று மாதம் வரை ஓட்டம், எடை தூக்குதல், மோதும் விளையாட்டு வேண்டாம் என்பது பெரியவர்களுக்கு நாங்கள் பொதுவாகச் சொல்வது. பிள்ளைகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: கிரேடு எண்ணோடு இரண்டைக் கூட்டினால் அத்தனை வாரம். விளையாட்டு உலகத்தில் இதற்கு முன்பே திரும்பியவரும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் அணியின் ஜேசன் விட்டன் 2012 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மண்ணீரல் கிழிந்து, செப்டம்பர் 5-ஆம் தேதி மைதானத்தில் நின்றார், 23 நாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழு இருந்தது. அந்தத் துணிச்சலை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐயரை அவசரப்படுத்தவில்லை. நவம்பர் இறுதியில் தொடங்கிய தென் ஆப்பிரிக்க ஒருநாள் தொடரில் அவர் இல்லை. 2026 ஜனவரியில்தான், முதலில் உள்ளூர்ப் போட்டியில் மும்பைக்காக ஆடிவிட்டு, இந்திய அணிக்குத் திரும்பினார்.

வீட்டில் இருக்கும்போது இடது தோள் வலி புதிதாக வந்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், வயிறு உப்பினால், முகம் வெளுத்து வியர்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள் கதை வேறு. கிருமிகளைப் பிடிக்கும் உறுப்பு இல்லாததால் அவர்களுக்குத் தடுப்பூசிதான் உயிர்க்காப்பு: நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி ஆகிய மூன்று கிருமிகளுக்கு எதிராக. அவசர அறுவை என்றால் பொதுவாக இரண்டு வாரம் கழித்துப் போடுவோம். சில ஊசிகளைச் சில வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதே கூடாது; காலையில் குளிர்காய்ச்சல், இரவுக்குள் உயிர் போகும் அளவுக்கு அந்தத் தொற்று வேகமானது. நாய் கடித்தால், லேசான கடியானாலும், மண்ணீரல் இல்லை என்று டாக்டரிடம் சொல்லி ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டும். மலேரியா உள்ள ஊருக்குப் போகும் முன்பும் கேட்க வேண்டும். பத்து, இருபது வருடம் கழித்தும் இந்த ஆபத்து போவதில்லை. பர்ஸில் ஒரு சீட்டில் 'மண்ணீரல் இல்லை' என்று எழுதி வைத்திருக்கச் சொல்லுவேன். ஆபரேஷன் முடிந்து ரொம்ப வருடம் ஆன எத்தனையோ பேருக்கு இதை யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே தடுப்பூசி விவரத்தைக் கேளுங்கள்.

ஐயரின் செய்தி வந்த நாட்களில் எனக்கு ஒரு பையன் ஞாபகமாகவே இருந்தது. பதினொரு வயது. சைக்கிளிலிருந்து விழுந்தான். 'ஒண்ணும் இல்ல சார், லேசா வயித்துல இடிச்சுக்கிட்டான், தோள் வலிக்குதுன்றான், சுளுக்கா பாருங்க' என்று அம்மா கூட்டி வந்தார். சட்டையைத் தூக்கினால், இடது மேல்வயிற்றில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு தடம். ஹேண்டில்பாரின் முனை. ரப்பர் பிடி எப்போதோ கழன்று போய், வெறும் இரும்புக் குழாய் வயிற்றில் பதிந்திருக்கிறது. நாடி 124. அல்ட்ராசவுண்டில் அந்தக் கருப்புக் கோடு. சி.டி.யில் கிரேடு 3.

ஐந்து நாள் வார்டில் இருந்தான். ஒரு யூனிட் ரத்தம்கூட ஏற்றவில்லை. முதல் ராத்திரி முழுக்க அவன் அம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, மானிட்டரில் நாடி எண் மாறும்போதெல்லாம் என்னையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அது 96-க்கு இறங்கியது. ஐந்து வாரம் சைக்கிள் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஆறாவது வாரம் பரிசோதனைக்கு அப்பாவோடு வந்தான். வயிற்றுத் தடம் மறைந்திருந்தது. 'இனிமே ஓட்டலாமா சார்?' என்று கேட்டான். ஓட்டலாம் என்றேன். அப்பா தன் பையிலிருந்து ஒரு ஜோடி புது ரப்பர் பிடிகளை எடுத்துக் காட்டினார். வரும் வழியில் சைக்கிள் கடையில் வாங்கியிருக்கிறார்.